பூட்டிய வீட்டில் பீமன்

கதவிடுக்கு வழியாக வீட்டுக்குள் வரும் காகிதங்களில் நல்ல சேதி இருப்பது அபூர்வம். பராமரிப்புத் தொகை பாக்கி என்று வரும். நாளைக்குத் தண்ணீர் வராது என்று வரும். ஆடி பிறந்த வாரத்தில் ஒரு நாள் மாலை நான் காரியாலயத்திலிருந்து திரும்பியதும் என் மனைவி நீட்டிய காகிதமும் அந்த வகைதான். ஆனால் அது மூன்று பக்கம் இருந்தது.

எழுதியவர் எங்களுக்கு நேர் கீழே குடியிருக்கும் ஓய்வு பெற்ற ஹெட்மாஸ்டர். முப்பது வருஷம் பரீட்சைத் தாள் திருத்திய கை அல்லவா? கோடு போட்டு, கட்டம் கட்டி எழுதியிருந்தார்.

'திங்கள். காலை 9-20க்கு ஊளை ஆரம்பம். 9-55க்கு ஓய்ந்தது. பகல் 1-10க்குக் குரைப்பு, ஐந்து நிமிஷம். 3-15 முதல் முனகல். கதவைப் பிறாண்டும் சத்தம். செவ்வாய். காலை 9-25க்கு ஊளை...'

இப்படியே வெள்ளிக்கிழமை வரை போயிற்று. கடைசிப் பாராவில்தான் விஷயம் இருந்தது. அவர் மனைவிக்கு இருதய சிகிச்சை நடந்து ஆறு வாரம்தான் ஆகிறது. பகலில் தூங்க வேண்டும் என்பது டாக்டர் உத்தரவு. ஒரு மாதம் பொறுத்துப் பார்ப்பதாகவும், அதற்கு மேல் குடியிருப்போர் சங்கத்தில் பிரஸ்தாபிப்பதைத் தவிர வேறு வழி இல்லை என்றும் எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார்.

குற்றவாளி என் நாற்காலிக்குக் கீழே படுத்து என் செருப்பின் வாரை மென்று கொண்டிருந்தான்.

பெயர் பீமன். தெரு முனை டீக்கடைக்குப் பின்னால் பிறந்தவன். மே மாதம் நடுவில், இரண்டு மாதக் குட்டியாக, மூன்று கிலோ எடையோடு எங்கள் வீட்டுக்கு வந்தான். பெயர் வைத்தது என் பெண். என் மனைவி பள்ளிக்கூட உபாத்தியாயினி. பெண்ணும் அதே பள்ளியில் படிக்கிறாள். ஆகையால் விடுமுறையில் இருவரும் வீட்டிலேயே இருந்தார்கள். பீமனுக்கு மடி கிடைத்தது, பேச்சுத் துணை கிடைத்தது. ஜூன் பிறந்தது. பள்ளிக்கூடம் திறந்தது. அவர்கள் எட்டு மணிக்குப் போவார்கள். நான் ஒன்பதே காலுக்குப் பூட்டிக் கொண்டு கிளம்புவேன். நாலரை மணி வரை வீட்டில் பீமனும் சுவரும்தான்.

முதல் வாரம் ஒரு தலையணை போயிற்று. இரண்டாவது வாரம் என் புதுச் செருப்பில் ஒன்று. அப்புறம் வாசற்கதவின் அடிப்பாகம், எலி கரும்பைக் கடித்த மாதிரி ஆகி விட்டது. ஈரம் துடைப்பது அன்றாடக் கடமைகளில் சேர்ந்து விட்டது.

எனக்கு அப்போது ஒரு சித்தாந்தம் இருந்தது. 'நம்மை விட்டு விட்டுப் போகிறார்களே என்று பழி வாங்குகிறான்' என்பது அது. ஆகவே நான் மாலை ஆறரைக்கு வந்ததும் நீதிமன்றம் கூடும். பிய்ந்த தலையணையை அவன் மூக்கருகே காட்டி, பத்திரிகையைச் சுருட்டித் தரையில் ஓங்கி அடிப்பேன். இரண்டு தடவை அவன் முதுகிலும் பட்டது. அவன் காதை மடக்கி, வாலைக் கவட்டுக்குள் செருகி, கண்ணை அந்தப் பக்கம் திருப்பிக் கொள்வான். "பாருங்கள், தப்பு செய்தது அவனுக்கே தெரிகிறது!" என்று நான் வெற்றியோடு சொல்வேன்.

ஹெட்மாஸ்டரின் கடிதத்தைப் படித்த அன்றுதான் என் பெண் ஒரு வார்த்தை சொன்னாள். "அப்பா, நீங்கள் கதவில் சாவி போடும் சத்தம் கேட்டதும் பீமன் கட்டிலுக்கு அடியில் போய் விடுகிறான். அம்மா வந்தால் அப்படிச் செய்வதில்லை."

அந்தக் கடிதத்தை விட இந்த ஒரு வார்த்தைதான் என்னை அதிகமாகச் சுட்டது.

கடிதமே மருத்துவச் சீட்டு

யோசனை சொல்ல ஆட்களுக்குப் பஞ்சமா? "பால்கனியில் விட்டு விடு" என்றார் ஒரு சிநேகிதர். "சங்கிலியால் கட்டிப் போடு" என்றார் இன்னொருவர். "எங்கே எடுத்தாயோ அங்கேயே கொண்டு போய் விடு" என்றார் மூன்றாமவர். மூன்றையும் கேட்டுக் கொண்டு, மறுநாள் பீமனைத் தூக்கிக் கொண்டு ஒரு மிருக வைத்தியரிடம் போனேன். சென்னை வேப்பேரியில் 1903-ல் தொடங்கிய கால்நடைக் கல்லூரியில் படித்தவர் அந்த அம்மாள். என் கஷ்டத்தின் ஆழத்தைக் காட்டுவதற்காக ஹெட்மாஸ்டரின் கடிதத்தையும் எடுத்துப் போயிருந்தேன்.

டாக்டர் அம்மாள் நாயைப் பார்க்கும் முன் கடிதத்தை இரண்டு முறை படித்தார்.

"இதை எழுதியவர் யார்? பாதி வேலையை அவரே முடித்து விட்டாரே!" என்றார்.

பிறகு விளக்கினார். காலை 9-20 முதல் அரை மணி நேர ஊளை, தனிமைப் பயம். பிரிவைத் தாங்காத நாய்க்குப் பெரும்பாலும் வீடு பூட்டிய முதல் அரை மணிதான் உச்ச கட்டம். கதவின் அடிப்பாகம் போனதும் அதனால்தான். அவன் கதவைக் கெடுக்கவில்லை, நம் பின்னால் வரப் பார்த்திருக்கிறான். பகல் 1-10 குரைப்பு வேறு. அந்த நேரத்தில் யாராவது மாடிப்படி ஏறுவார்கள். (வாஸ்தவம்தான், எதிர் வீட்டுக்குச் சாப்பாடு கொண்டு வரும் பையன்.) 3-15 முனகல் மூன்றாவது சமாசாரம், குட்டிக்கு மூத்திரம் முட்டுகிறது.

"மூன்று வியாதி; மூன்றுக்கும் நீங்கள் கொடுத்தது ஒரே மருந்து, சுருட்டிய பத்திரிகை. அதுவும் மாலை ஆறரைக்கு!"

"ஆனால் அவன் முகத்தைப் பார்த்தால் குற்றம் செய்தவன் மாதிரி..." என்று இழுத்தேன்.

அதற்கு அவர் ஒரு பரிசோதனையைச் சொன்னார். அமெரிக்காவில் நாய்களின் நடத்தையை ஆராயும் அலெக்சாண்டிரா ஹோரோவிட்ஸ் 2009-ல் வெளியிட்டது. 14 நாய்கள். தின்பண்டத்தைத் தொடக் கூடாது என்று நாயிடம் சொல்லி விட்டு எஜமானர் அறையை விட்டுப் போவார். திரும்பியதும் அவரிடம் சில சமயம் 'தின்று விட்டது' என்றும், சில சமயம் 'தொடவில்லை' என்றும் சொல்வார்கள். அந்தச் சேதி எப்போதும் உண்மையாக இருக்காது. எந்த நாய் குற்றவாளி முகம் காட்டிற்று தெரியுமா? தின்ற நாய் அல்ல, திட்டு வாங்கிய நாய். தின்னாமலே திட்டு வாங்கிய நாய்களின் முகம்தான் எல்லாவற்றிலும் பரிதாபமாக இருந்ததாம்.

ஆக, பீமன் என்னிடம் காட்டியது குற்ற உணர்ச்சி அல்ல, பயம். பகல் பதினொரு மணிக்குக் கடித்த தலையணைக்கும் மாலை ஆறரை மணி அடிக்கும் சம்பந்தம் இருப்பது அவனுக்கு எப்படித் தெரியும்? அவனுக்குத் தெரிந்ததெல்லாம், 'இந்த ஆசாமி வந்தால் அடி விழும்' என்பதுதான். தனியாக இருக்கவும் பயம், நான் வரவும் பயம் என்று அந்தப் பிராணியை நடுவில் நிறுத்தி வைத்திருந்தேன்.

கணக்கும் பல்லும்

டாக்டர் அம்மாள் சொன்ன கணக்கு ஒன்று நாய் வளர்க்கும் எல்லோருக்கும் பயன்படும். குட்டிக்கு எத்தனை மாதமோ அத்துடன் ஒன்றைக் கூட்டுங்கள். அதிக பட்சம் அத்தனை மணி நேரம்தான் அது அடக்கிக் கொண்டிருக்கும். பீமனுக்கு அப்போது நாலு மாதம். ஆகவே ஐந்து மணி. அதுவும் தூங்கினால்தான். நாங்கள் விட்டுப் போனதோ ஏழே கால் மணி நேரம். நடுவில் ஓர் ஆள் வந்து வெளியே அழைத்துப் போகாவிட்டால், எந்தப் பயிற்சியும் பலிக்காது.

அடுத்தது பல். குட்டிக்குப் பால் பல் 28. மூன்றாம், நாலாம் மாதத்தில் அவை விழத் தொடங்கி, ஏழாம் மாதத்துக்குள் 42 புதுப் பற்கள் முளைத்து விடும். ஈறு தினவெடுக்கிற காலத்தில் எதையாவது கடித்துத்தான் ஆக வேண்டும். கடிக்கத் தக்கதை நாம் கொடுக்காவிட்டால் அது தானே தேடிக் கொள்ளும். செருப்பை எட்டாத இடத்தில் வைப்பது நம் பொறுப்பு.

பால்கனி யோசனையைக் கேட்டதும் அவர் தலையில் அடித்துக் கொண்டார். நாய்க்கு நம்மைப் போல் உடம்பெல்லாம் வேர்க்காது. நாக்கைத் தொங்க விட்டு இரைத்துத்தான் சூட்டைத் தணிக்கும். சென்னை வெயிலில் பகல் நேரத்துப் பால்கனி அதற்குப் பிராணாபத்து.

சங்கிலி யோசனைக்குச் சட்டமே பதில் சொல்கிறது. கலாக்ஷேத்திராவை நிறுவிய ருக்மிணி தேவி அருண்டேல் ராஜ்ய சபையில் எடுத்த முயற்சியின் பயனாக வந்தது 1960-ஆம் வருஷத்து மிருகவதைத் தடைச் சட்டம். குட்டையான, அல்லது கனமான சங்கிலியில் நியாயமற்ற நேரம் கட்டி வைப்பதும், எப்போதும் கட்டியே வைத்திருக்கும் நாய்க்குத் தக்க நடமாட்டம் கொடுக்காததும் அதன் 11-வது பிரிவின்படி குற்றம். எடுத்து வளர்த்த பிராணியைக் கை விடுவதும் அதே பிரிவில் வருகிறது. என் மூன்று சிநேகிதர்களில் இரண்டு பேர் என்னை அந்த ஒரே பிரிவுக்குள் தள்ளப் பார்த்தார்கள்!

பத்து விநாடிப் பாடம்

வைத்தியம் என்ன? குழந்தையை முதன் முதலாகப் பள்ளியில் விடுகிற மாதிரி, தனிமையைச் சிறுகச் சிறுகப் பழக்குவதுதான்.

முதலில் சாவி. ஜீரண ஆராய்ச்சிக்காக 1904-ல் நோபல் பரிசு பெற்ற ரஷ்ய விஞ்ஞானி பாவ்லாவின் நாய்களைப் பற்றிப் பாடப் புத்தகத்தில் படித்திருப்பீர்கள். சாப்பாட்டுக்கு முன் எப்போதும் ஒரு சத்தம் கேட்டால், பிறகு சத்தம் கேட்டதுமே அவற்றுக்கு எச்சில் ஊறும். பீமனுக்கும் அதேதான். நான் சாவியை எடுத்ததுமே அவனுக்கு நடுக்கம் ஆரம்பித்து விடும். ஆகவே சாவிக்கு இருந்த அர்த்தத்தைப் போக்க வேண்டும். ஒரு நாளைக்கு இருபது தடவை சாவியை எடுத்துக் குலுக்கி விட்டு, எங்கும் போகாமல் உட்கார்ந்து பேப்பர் படித்தேன். செருப்பு மாட்டிக் கொண்டு சமையலறைக்குப் போனேன். நாலாம் நாள் சாவிச் சத்தத்துக்குப் பீமன் தலையைக் கூடத் தூக்கவில்லை.

அப்புறம் கதவு. வெளியே போய்ச் சாத்தி, பத்து விநாடியில் உள்ளே வர வேண்டும். பிறகு அரை நிமிஷம், ஒரு நிமிஷம், மூன்று நிமிஷம். அவன் அழ ஆரம்பிப்பதற்கு முன்பே திரும்பி விட வேண்டும் என்பது முக்கியம். 'கத்திக் கத்தி ஓய்ந்து போகட்டும்' என்று விட்டால் பயம் தெளியாது, முற்றத்தான் செய்யும். போகும் போது கட்டிப் பிடித்து விடை பெறுவதும், வரும் போது ஆர்ப்பாட்டம் செய்வதும் கூடாது. 'கடைக்குப் போய் வந்தேன்' என்கிற மாதிரி சாதாரணமாக இருக்க வேண்டும்.

உள்ளே என்ன நடக்கிறது என்று எப்படித் தெரியும்? பழைய செல்போன் ஒன்றை அலமாரியில் நிறுத்திப் படம் பிடித்தோம். முதல் நாள் படத்தை என் மனைவி பாதியிலேயே அணைத்து விட்டாள். கதவுக்கும் ஜன்னலுக்குமாக ஓடி ஓடி, கடைசியில் என் பழைய சட்டையின் மேல் அவன் படுத்த காட்சி அது.

இதில் ஒரு சிக்கல் உண்டு. பயிற்சி நடக்கும் காலத்தில் நாயை நீண்ட நேரம் தனியே விட்டால் கற்றதெல்லாம் போச்சு. நான் ஐந்து நாள் லீவு போட்டேன். என் மனைவி ஐந்து நாள். மிச்சத்துக்கு என் மாமியார் திருவையாற்றிலிருந்து வந்து மூன்று வாரம் இருந்தார். கதவைச் சாத்திக் கொண்டு வெளியே போய் உட்காரும் வேலையை அவர் பிரியமாக ஏற்றுக் கொண்டார். படிக்கட்டில் உட்கார்ந்து நம் பத்திரிகையின் தொடர்கதையை ஒரு அத்தியாயம் படித்து விட்டு வருவார். "உள்ளே அழுகைச் சத்தம் கேட்டதா?" என்று கேட்டால், "அவன் அழவில்லை, நான்தான் அழுதேன். அந்தப் பெண்ணுக்கு இப்படி ஆகி விட்டதே!" என்பார்.

கிளம்புவதற்கு முன் அரை மணி நடை. நடந்து களைத்த குட்டி தூங்கும். குட்டிகள் ஒரு நாளின் பெரும் பகுதியைத் தூங்கித்தான் கழிக்கும். அப்புறம் சாப்பாட்டைக் கிண்ணத்தில் வைக்காமல், நடுவில் துளையுள்ள கெட்டி ரப்பர் பொம்மைக்குள் அடைத்துக் கொடுப்பது. எங்கள் வீட்டில் உப்பில்லாத தயிர் சாதத்தை அதில் அடைத்து, இரவே உறைபெட்டியில் வைத்து விடுவோம். கல் மாதிரி இறுகி விட்ட அதை நக்கி முடிக்கக் காலையில் அவனுக்கு அரை மணி ஆகும். அபாயமான அந்த முதல் அரை மணியைத் தயிர் சாதம் தின்று விடுகிறது! ஈறு தினவுக்குக் குளிர்ந்த காரட். ஆனால் சாக்லெட், திராட்சை, வெங்காயம் மூன்றும் நாய்க்கு விஷம். வெந்த எலும்பு பிளந்து தொண்டையில் குத்தும்.

குட்டி நடமாட ஹால் மட்டும் போதும். தவழும் குழந்தைக்கு வைப்பது போல் சமையலறை வாசலில் ஒரு பலகை; தண்ணீர்; மின்விசிறி. மாடிப்படி ஏறும் ஓசை கேட்காமல் இருக்க ரேடியோவை மெல்லிய குரலில் வைத்தோம். ஒரு மணிக் குரைப்பு பாதியாகக் குறைந்தது.

இவ்வளவு செய்தும் நாய் தன் காலைத் தானே கடித்துக் காயப்படுத்திக் கொண்டாலோ, எச்சில் ஒழுக நடுங்கினாலோ, தனியாக இருக்கும் போது ஆகாரத்தையே தொடாவிட்டாலோ, வைத்தியரிடம்தான் போக வேண்டும். அதற்கு மருந்து உண்டு. மனிதர்களின் தூக்க மாத்திரையை ஒரு நாளும் கொடுக்காதீர்கள். துணைக்கு இன்னொரு நாய் வாங்கினால் தீரும் என்றும் நினைக்க வேண்டாம். அவன் தேடுவது நம்மை. ஊளை இரட்டிப்பானாலும் ஆகலாம்.

சிவப்பு மசி

டாக்டர் அம்மாளைப் பார்த்த அன்று மாலையே கீழ் வீட்டுக் கதவைத் தட்டினேன். ஹெட்மாஸ்டர் சண்டைக்குத் தயாராகச் சால்வையைச் சரி செய்து கொண்டார்.

"சார், உங்கள் கடிதத்தைத் தொடர்ந்து எழுத வேண்டும்" என்றேன்.

"என்ன தம்பி, கேலியா?"

விஷயத்தைச் சொன்னேன். வைத்தியர் அவர் குறிப்பைப் பாராட்டியதைச் சொன்னதும் மனிதர் கொஞ்சம் இளகினார். உள்ளே போய் ஒரு புது நோட்டுப் புத்தகம் எடுத்து வந்தார். நாலு பத்தி கோடு போட்டு மேலே 'பீமன்: வருகைப் பதிவேடு' என்று எழுதினார்.

அந்தப் பதிவேடுதான் எங்களுக்கு வழி காட்டியது. முதல் வாரம் பத்து நிமிஷம். இரண்டாம் வாரம் அரை மணி. அப்போது நான் ஒரு தப்புச் செய்தேன். மாமியார் கோயிலுக்குப் போயிருந்தார். பத்திரிகை அச்சுக்குப் போகும் நாள். காரியாலயத்திலிருந்து அவசரமாகக் கூப்பிட்டார்கள். 'அரை மணி இருந்தவன் மூன்று மணி இருக்க மாட்டானா?' என்று பூட்டிக் கொண்டு போய் விட்டேன். மாலையில் பதிவேட்டைப் பார்த்தேன். '10-05 முதல் 11-20 வரை ஊளை' என்று சிவப்பு மசியில் இருந்தது. கீழே ஒரு வரி: 'பையன் மேல் குற்றமில்லை. உபாத்தியாயர் அவசரப்பட்டிருக்கிறார்.'

மறுபடி பத்து நிமிஷத்திலிருந்து ஆரம்பித்தோம்.

ஹெட்மாஸ்டர் கொடுத்த ஒரு மாதக் கெடு முடிந்த போது பீமன் இரண்டு மணி நேரத்தில் இருந்தான். "பாஸ் மார்க்தான். ஆனாலும் பாஸ்" என்று அவரே கெடுவை நீட்டினார். ஐந்தாம் வாரக் கடைசியில் மூன்றரை மணி ஆயிற்று. மத்தியானம் வந்து அழைத்துப் போக ஆள் தேடிக் கொண்டிருந்தேன். ஹெட்மாஸ்டர் தொண்டையைக் கனைத்துக் கொண்டு, "வெளியிலிருந்து சத்தத்தைக் கேட்டுப் பதிவு எழுதுவது முறையல்ல, தம்பி. நேரில் பார்வையிட வேண்டும். ஒரு சாவி கொடுங்கள்" என்றார். இப்போது கால் மணி குறைய ஒன்று ஆனால், அதாவது பன்னிரண்டே முக்காலுக்கு, இன்ஸ்பெக்டர் வந்து பீமனைக் கீழே அழைத்துப் போகிறார். அவர் மனைவி வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, அவனோடு இரண்டு வார்த்தை பேசி விட்டுத் தூங்கப் போகிறார்கள்.

எல்லாம் தீர்ந்து விட்டது என்று சொல்ல மாட்டேன். இடி இடித்தால் பீமன் இன்னும் ஊளையிடுகிறான். சென்ற வாரம் கூட ஒரு சீப்பு போயிற்று. கதவின் அடிப்பாகத்துக்குத் தச்சர் சொன்ன தொகையை இங்கே எழுதினால் நாய் வளர்க்கும் ஆசையே உங்களுக்குப் போய் விடும்.

ஆனால் எனக்கு வேண்டியிருந்தது வேறு. ஊளை நின்று பல நாள் ஆன பிறகும், நான் சாவி போடும் போது பீமன் கட்டிலுக்கு அடியில்தான் போவான். அதற்குப் பதிவேட்டில் பத்தி கிடையாது. நான் ஒன்றும் சொல்லாமல் உள்ளே வந்து, தரையில் உட்கார்ந்து, வேறு பக்கம் பார்த்துக் கொண்டிருப்பேன். முதலில் மூக்கு வெளியே வரும். இன்னொரு நாள் தலை வரும். பிறகு பாதி உடம்பு.

சென்ற வியாழக்கிழமை மாலை ஆறரைக்குச் சாவியைத் திருப்பினேன். கதவு திறக்கவில்லை. உள்ளே ஏதோ தடுத்தது. மெல்லத் தள்ளிப் பார்த்தேன். கதவை ஒட்டினாற்போல் பீமன் நின்று கொண்டிருந்தான். அவன் வால் கதவில் படபடவென்று தட்டிக் கொண்டிருந்தது.